அடுப்பின் நோயும் அதன் மருந்தும்

விறகெரித்த காலத்தில் அடுப்பு தன் குறையைத் தானே எடுத்துரைத்தது. விறகு ஈரமாயின் புகைந்தது. சாம்பல் மிகுந்தால் தணல் மங்கியது. காற்றோட்டம் போதாவிடின் கண்ணைக் கரிக்கச் செய்தது. வீட்டுப் பாட்டிமார் சாம்பலை வழித்தெறிந்து, ஊதுகுழலை எடுத்து இரண்டு மூச்சு ஊதிவிட்டால் அந்நோய் தீர்ந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு வந்தபோதும் திரியைக் கத்தரித்துச் சமன்செய்யும் வித்தையை இல்லத்தார் தாமே கற்றுக்கொண்டனர்.

எரிவாயு அடுப்பு குசினிக்குள் நுழைந்த பின்னர் இந்த உறவு மாறிவிட்டது. குமிழைத் திருகினால் எரிகின்றது. மறுபடி திருகினால் அணைகின்றது. ஒழுங்காக எரியும்வரை அதனைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. எரியாத அன்றோ வீடு முழுவதும் கலங்குகின்றது. ஒருவர் ஊசியை எடுத்துத் துளையிற் குத்துகின்றார். மற்றொருவர் சிலிண்டரைச் சரித்துக் குலுக்குகின்றார். வேறொருவர், வாயு கசிகின்றதோ என்று பார்ப்பதற்குத் தீக்குச்சியைக் கிழித்துக் குழாயின் அருகே நீட்டுகின்றார். மருந்து தேடுவதாக எண்ணி நோயினும் பெரிய தீங்கைத் தேடிக்கொள்ளும் செயல்கள் அல்லவா இவை?

ஆதலால் இவ்வாரம் எரிவாயு அடுப்புக்கு வரும் நோய்களைச் சிறிது விரிவாக ஆராய்வோம். அந்நோய்கள் இருவகைப்படும். துணியும் சவர்க்காரமும் பொறுமையும் கொண்டு வீட்டாரே தீர்க்கத்தக்கவை ஒருவகை. வாயுவை மூடிவிட்டுத் தொழிலறிந்தவரை அழைத்தற்குரியவை மற்றொருவகை. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவே திருத்த வேலையின் முதற்பாடம். அதனைக் கற்காதவர் கையில் எத்தனை கருவிகள் இருந்தும் பயனில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது யாது?

நம் நாட்டு வீடுகளுக்கு வருவது திரவமாக்கப்பட்ட பெற்றோலிய வாயு. புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையாகிய இது, அமுக்கத்தினாலே திரவமாகிச் சிலிண்டருள் அடங்கியிருக்கின்றது. திரவம் வாயுவாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரிகின்றது. 12.5 கிலோகிராம் நிறைந்த ஒரு சிலிண்டர் சிறு குடும்பத்துக்குப் பல வாரம் உதவுவது இதனாலேதான். சிறு கசிவு பெருந்தீங்காக வளர்வதும் இதனாலேதான்.

இவ்வாயுவின் குணங்கள் இரண்டை வீட்டார் யாவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, இது காற்றினும் பாரமானது. புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமுடையன. ஆகவே கசிந்த வாயு புகையைப்போல மேலெழுந்து போய்விடாது. தண்ணீரைப்போலத் தரையிற் படர்ந்து, அலுமாரியின் அடியிலும், பள்ளமான மூலையிலும், கழிவுநீர்க் காலிலும் தங்கிவிடும். இரண்டாவது, காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் இது கலந்துவிட்டாலே தீப்பற்றப் போதும்.

இவ்விரு வாயுக்களுக்கும் இயற்கையில் மணம் என்பது இல்லை. நாம் முகர்ந்து மூக்கைச் சுளிக்கும் அந்த நாற்றம், எதைல் மேர்கப்டன் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்த்து மனிதர் வேண்டுமென்றே ஊட்டியது. ஏன் ஊட்டினர் என்பதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1937 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18 ஆந் திகதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பாடசாலைக் கட்டடத்தடியில் இயற்கை வாயு கசிந்து நிறைந்திருந்தது. அதற்கு மணமூட்டப்படாமையால் ஒருவரும் அறிந்திலர். மின்கருவி ஒன்றிலிருந்து எழுந்த பொறி அதனைப் பற்றவைத்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மாணவர். அவ்வழிவின் பின்னரே வாயுவுக்கு மணமூட்ட வேண்டுமென்னும் சட்டம் அங்கே பிறந்தது. பிற இடங்களிலும் அவ்வழக்கம் பரவிற்று.

எனவே அந்நாற்றம் நமக்குத் தொல்லையன்று; எத்தனையோ பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற எச்சரிக்கை. அது வரும்போது ஊதுபத்தி கொளுத்துவோர் இரண்டு பிழைகளை ஒருங்கே செய்கின்றனர்: எச்சரிக்கையை மறைக்கின்றனர், தீயையும் மூட்டுகின்றனர். முதியோர் பலருக்கு மோப்ப உணர்வு குன்றியிருக்கும். கொரோனா நோயின் பின்னர் அவ்வுணர்வை இழந்தோரும் உளர். அத்தகையோர் தனித்துச் சமைக்கும் வீடுகளில் மூக்கை மாத்திரம் நம்பியிராது, பின்னர்க் கூறப்போகும் சவர்க்காரநீர்ச் சோதனையைத் தவறாது செய்துவருதல் வேண்டும்.

சுவாலை கூறும் குறிகள்

வைத்தியர் நாடி பிடித்து நோயறிவதைப்போல, அடுப்பின் நோயைச் சுவாலையைக் கொண்டு அறியலாம். விஞ்ஞானகூடத்தில் பன்சன் சுடரடுப்பைக் கையாளும் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் 1855 ஆம் ஆண்டளவில் உருவான அக்கருவியின் தத்துவமே நம் குசினி அடுப்பிலும் உள்ளது. நொசில் எனப்படும் சிறு பித்தளைத் துளையினின்று வாயு வேகமாகப் பீறுகின்றது. பீறும்போது பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழலினுட் சென்று கலக்கின்றது. அக்கலவை பேர்னரின் துளைகள்வழியே மேலெழுந்து எரிகின்றது. ஒரு பங்கு புரொப்பேன் முற்றாக எரிவதற்கு 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கோ 31 பங்கு வேண்டும். அடுப்பு எரிப்பது வாயுவை என்கின்றோம்; உண்மையில் அது உண்பதிற் பெரும்பங்கு காற்றே. அடுப்பின் நோய்கள் பல காற்றுக் குறைவினால் வருவன என்பது இதிலிருந்து புலப்படும்.

நலமான சுவாலை நீலமாய், துளைதோறும் தனித்தனியே நின்று, மெல்லிய ஓசையுடன் எரியும். சட்டியின் அடியிற் கரி பிடிக்காது.

சுவாலை மஞ்சளாகி நாக்குப்போல நீண்டாடுமாயின், காற்றுப் போதவில்லை என்பது பொருள். முற்றாக எரியாத காபன் துகள்கள் சூடேறி ஒளிர்வதே அம்மஞ்சள் நிறம். சட்டியின் அடியிற் படியும் கரி அதற்குச் சாட்சி. இது பாத்திரம் துலக்கும் தொல்லையோடு முடியும் காரியமன்று. குறையெரிவினால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் பற்றிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. சன்னல்களை அடைத்த சிறு குசினியில் நெடுநேரம் சமைப்பவருக்குத் தலையிடியும் மயக்கமும் தோன்றினால், உடனே வெளியே வந்து நல்ல காற்றைப் பெறுதல் வேண்டும். அடுப்பின்மேலும் ஐயங்கொள்ளல் வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் நன்று. சோறு பொங்கி வழிந்து உப்புநீர் பட்டவுடன் சுவாலை செம்மஞ்சளாகத் தோன்றி, சிறிது நேரத்தில் மீண்டும் நீலமாகிவிடும். அது நோயன்று. உப்பிலுள்ள சோடியம் எரியில் மஞ்சள் ஒளி தருவதைச் சோதனையிற் கண்ட மாணவர் இதன் காரணத்தைத் தாய்மாருக்கு விளக்கலாம். நிலைத்து நிற்கும் மஞ்சளே அஞ்சத்தக்கது.

சுவாலை துளையை விட்டு மேலே எழும்பி, இரைச்சலிட்டு, அணைவது போல ஆடினால், வாயுவின் அமுக்கமோ காற்றின் அளவோ மிகையாய் உள்ளது. பட்டென்று ஓசையெழுந்து சுவாலை பேர்னரின் உள்ளே புகுந்து நொசிலருகில் எரியத் தொடங்குவதும் உண்டு. இதனைப் பின்னெரிதல் என்பர். அவ்வாறு நிகழின் குமிழை உடனே மூடிவிடல் வேண்டும். உள்ளே எரியும் தீ குழலையும், கண்ணாடித் தட்டுடைய அடுப்பாயின் அத்தட்டையும் சூடேற்றிப் பிளக்கச் செய்யும்.

சுவாலை குன்றி மங்கலாய் எரிந்தால் அடுப்பின் ஏனைய வாய்களையும் ஏற்றிப் பாருங்கள். எல்லாம் மங்கின், நோய் மூலத்தில் உள்ளது: சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், குழாய் மடங்கியிருக்கலாம், றெகுலேற்றர் பழுதடைந்திருக்கலாம். ஒன்று மாத்திரம் மங்கின், நோய் அவ்வாயிலேயே உள்ளது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

சிலிண்டரில் எவ்வளவு மீதியுண்டு என்பதை அறியக் குலுக்க வேண்டியதில்லை. வெறுஞ் சிலிண்டரின் நிறை அதன்மேற் பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் நிறுத்து, அவ்வெறு நிறையைக் கழித்தால் மீதி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நீண்ட நேரம் எரித்தபின் சிலிண்டரின் புறத்தே நீர் வியர்த்திருப்பதைக் கண்டு சிலர் பயப்படுவர். திரவம் வாயுவாக மாறுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அது குளிர்கின்றது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேற் படிகின்றது. நுவரெலியா போன்ற இடங்களின் விடியற் குளிரிற் சுவாலை சற்று மங்குவதும் இதனோடு சேர்ந்த செய்தியே. பியூட்டேன் கொதிப்பது சுழிக்கு அரைப் பாகை கீழே. புரொப்பேன் கொதிப்பதோ சுழிக்கு 42 பாகை கீழே. ஆதலாற் குளிரிற் பியூட்டேனின் அமுக்கம் மிகவும் தாழ்ந்துவிடும். அதற்காகச் சிலிண்டரை அனலருகே வைத்துச் சூடேற்றுவதும், படுக்கவைத்துக் கடைசித் துளியை வாங்க முயல்வதும் ஒருபோதும் ஆகா. படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயினுட் பாயும்.

வீட்டார் செய்யத்தக்கவை

சுத்தஞ் செய்வதே முதன் மருந்து. றெகுலேற்றரை மூடி, அடுப்பு முற்றாக ஆறிய பின்னரே இதனைத் தொடங்கல் வேண்டும். பேர்னரின் மூடியையும் வளையத்தையும் கழற்றி, இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரங் கரைத்து அரைமணி நேரம் ஊறவிடுக. பழைய பற்றூரிகையாலே துலக்கி, அடைந்த துளைகளை மெல்லிய கம்பியால் மெதுவாக நீக்குக. துளையைப் பெரிதாக்கிவிடலாகாது. முறிந்து உள்ளே தங்கிவிடக் கூடிய ஈர்க்கும் பற்குச்சியும் இதற்கு ஏற்றவையல்ல. கழுவியபின் உதறித் துடைத்து, ஈரம் முற்றாகக் காயும்வரை வெயிலில் வைக்க வேண்டும். ஈரத்தோடு பொருத்திய பேர்னர் படபடவென்று எரிவது பலர் கண்டதே.

மூடியை மறுபடி வைக்கும்போது அதன் பள்ளமும் மேடும் பொருந்தியுள்ளனவா என்று விரலால் அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் எரியும் சுவாலைக்கு, சரிந்து உட்கார்ந்த மூடியே பெரும்பாலுங் காரணம். புதிதாய்ப் பழுதொன்று வந்துவிட்டதென்று பணஞ் செலவிடுமுன் இதனை நோக்குக.

பல நாட்கள் எரியாமற் கிடந்த அடுப்பாயின், காற்றுப் புகும் வாயிலையும் பார்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாட்டினால் மக்கள் வரிசைகளிற் காத்துநின்றதையும், எத்தனையோ வீடுகள் விறகுக்கு மீண்டதையும் நாம் மறந்துவிடவில்லை. அவ்வாறு வாளாவிருக்கும் அடுப்பின் குழலினுட் சிலந்தி வலை பின்னும். குளவி மண்கூடு கட்டும். காற்றின் பாதை அடைபட, சுவாலை மஞ்சளாகும். அல்லது தீ பின்னோக்கிப் பாயும். கழற்றத்தக்க பேர்னராயின் அதனை எடுத்து, குழலை நீண்ட தூரிகையால் துடைத்துவிடலாம்.

பொறியும் காவலும்

குமிழை அழுத்தியவுடன் டிக்கென்று பொறி பறக்கும் அடுப்புகளைப் பலர் வைத்திருக்கின்றனர். சில பளிங்குகளை அழுத்தினால் மின் பிறக்கும் என்பதை 1880 ஆம் ஆண்டில் பிரான்சிற் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர். அத்தத்துவத்தாலே சிறு சுத்தியல் ஒன்று பளிங்கைத் தட்ட, பொறி எழுகின்றது. சில அடுப்புகளிற் பற்றறி அவ்வேலையைச் செய்யும். பொறி மெலிந்தால் முதலிற் பற்றறியை மாற்றிப் பாருங்கள். பேர்னரின் பக்கத்தே நிற்கும் வெண்களிமண் முளையில் நெய்யோ ஈரமோ படிந்திருப்பின், பொறி வழிதவறி வேறிடத்திற் பாயும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகும். முளை வெடித்திருப்பின் மாற்றவே வேண்டும்.

பொறி எழாத நாளில் தீக்குச்சியாற் பற்றவைக்கலாம். அப்போது மறவாது காக்க வேண்டிய வரிசை ஒன்றுண்டு: தீ முன்னர், வாயு பின்னர். குமிழைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடுவோர், தேடும் நேரமெல்லாம் வாயுவைச் சேர்த்துவைக்கின்றனர்.

போறணையுடன் கூடிய பெரிய அடுப்புகளிலும் சில மேசையடுப்புகளிலும், சுவாலை அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்திவிடும் காவற் கருவி உண்டு. இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தைச் சூடேற்றினால் மின் எழும் என்று 1821 இல் ஜேர்மானிய அறிஞர் சீபெக் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. சுவாலையில் நனைந்து நிற்கும் வெப்பவிணை என்னும் சிறு கோல், ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் இருபது முப்பது பங்கு மின்னைப் பிறப்பிக்கின்றது. அச்சிறு மின்னே ஒரு காந்தத்தை இயக்கி வாயுவின் கதவைத் திறந்துவைத்திருக்கின்றது. சுவாலை அணைந்தால் கோல் ஆறும், காந்தம் கைவிடும், கதவு மூடும்.

குமிழை அழுத்திப் பிடிக்கும்வரை எரிந்து, கையை எடுத்ததும் அணைந்துவிடும் அடுப்பின் நோய் பெரும்பாலும் இங்கேதான். முதலிற் பத்து வினாடிவரை பிடித்துப் பாருங்கள்; கோல் சூடேறச் சிறிது நேரம் வேண்டும். பின்னும் அணைந்தால், ஆறவிட்டுக் கோலின் நுனியிற் படிந்த கரியை மெல்லிய துணியால் துடையுங்கள். கோல் வளைந்து சுவாலைக்கு விலகி நின்றாலும் இந்நோய் வரும். இவற்றாலும் தீராவிடின் கோலை மாற்றுவது தொழிலறிந்தவர் வேலை. குமிழைக் கயிற்றாற் கட்டியோ ஆப்பு வைத்தோ அழுத்திவைத்துச் சமைக்கும் தந்திரத்தை மாத்திரம் எவரும் கையாளலாகாது. அது காவற்காரனைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்து உறங்குவதை ஒக்கும்.

போறணையை ஏற்றும்போது கதவைத் திறந்தே வைத்தல் வேண்டும். சில வினாடிகளிற் பற்றாவிடின் குமிழை மூடி, ஐந்து நிமிடம் உள்ளே காற்றாடவிட்டு, அதன் பின்னரே மறுமுறை முயல வேண்டும். கேக்கு ஒருபுறங் கருகி மறுபுறம் வேகாதிருந்தால், கதவின் ஓரத்திலுள்ள றப்பர்ப் பட்டி தேய்ந்து சூடு வெளியேறுகின்றதா என்றும், தட்டு உட்சுவரை முட்டிக் காற்றின் பாதையை மறிக்கின்றதா என்றும் பாருங்கள்.

கைவைக்கலாகாதவை

இனி மற்றொரு வகைக்கு வருவோம். றெகுலேற்றரைக் கழற்றிப் பிரிக்கலாகாது. சிலிண்டருள் உள்ள உயர்ந்த அமுக்கத்தை அடுப்பு தாங்கக்கூடிய மிகச் சிறிய அமுக்கமாகக் குறைத்துத் தருவது அதுவே. பழுதாயின் புதிது வாங்குவதன்றித் திருத்தம் இல்லை. சிலிண்டரின் வாய்க்குப் பொருந்தாத றெகுலேற்றரைத் துணியோ நாடாவோ சுற்றிப் பொருத்த முயல்வது பெருந்தவறு.

நொசிலை ஊசியாற் குத்தலாகாது. ஒரு மில்லிமீற்றருக்கும் உட்பட்ட அத்துளையின் அளவைக் கணக்கிட்டே அடுப்பின் மற்றெல்லாம் அமைக்கப்பட்டிருக்கின்றன. அது சற்றே அகன்றாலும் வாயு மிகும், காற்றுப் போதாது, சுவாலை மஞ்சளாகும். பிறநாட்டிலிருந்து உறவினர் அன்புடன் அனுப்பிய அடுப்பு இங்கே பேய்த்தீயாய் எரிவதற்கும் இதுவே காரணமாகலாம். பிரித்தானியா போன்ற நாடுகளில் வீட்டுக்குழாய்களில் வருவது இயற்கை வாயு. அதற்குரிய நொசில்கள் அகன்றவை. நம் சிலிண்டரோடு அத்தகைய அடுப்பை இணைக்குமுன் நொசில்களை உரிய அளவுக்கு மாற்றுவித்தல் கட்டாயம்.

குழாயைப் பொறுத்தவரை வீட்டார் செய்ய வேண்டியது பார்ப்பதும் காலத்தில் மாற்றுவிப்பதுமே. எரிவாயுவுக்கென்று செய்யப்பட்ட குழாயையே பயன்படுத்துக. அதனை வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரிந்தாலும், தொட்டால் கடினமாயிருந்தாலும், எலி கடித்த அடையாளம் இருந்தாலும், அதன்மேற் குறித்த காலம் முடியாவிடினும் உடனே மாற்றிவிட வேண்டும். இணைப்புகளில் கிளிப் இறுகியிருத்தலும், குழாய் போறணையின் பின்புறச் சூட்டில் உராயாதிருத்தலும் அவசியம்.

இக்கவனம் வீண் அச்சமன்று என்பதை 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள் நமக்கு உணர்த்தின. அவ்வாண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில் இலங்கையின் பல பகுதிகளில் வீட்டு எரிவாயு வெடிப்புகளும் தீவிபத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. அவற்றை ஆராய அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரில் அடைக்கப்பட்ட கலவையில் ஏற்பட்ட மாற்றத்தையே முக்கிய காரணமாகச் சுட்டிற்று. புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டிருந்தது. 30 பாகை வெப்பநிலையிற் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனினுடையதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அப்பங்கு கூடக்கூடச் சிலிண்டரின் வாயிலும் றெகுலேற்றரிலும் தாக்கும் விசை மிகும். முன்னர்த் தாங்கிநின்ற தேய்ந்த இணைப்பு பின்னர்க் கசியத் தொடங்கும்.

கலவையை ஒழுங்காகப் பேணுவதும், மாற்றினால் மக்களுக்கு அறிவிப்பதும் விற்போரதும் அரசாங்கத்தினதும் கடமை. அதனை வீட்டாரின் தலையிற் சுமத்துதல் நீதியன்று. ஆயினும் நம் கைக்கு எட்டியதை நாம் செய்துவைப்பதே அறிவுடைமை. நல்ல குழாயும், இறுகிய கிளிப்பும், பழுதற்ற றெகுலேற்றரும் நம் கைக்கு எட்டியவை.

சவர்க்காரநீர்ச் சோதனையும் அவசரச் செயலும்

புதிய சிலிண்டர் பொருத்துந்தோறும், இடையிடையேயும் செய்யத்தக்க சோதனை இது. சிறிது சவர்க்காரத்தை நீரிற் கரைத்து நுரையெழுப்புக. அடுப்பின் குமிழ்களை மூடி, றெகுலேற்றரைத் திறந்துவைத்து, அந்நுரையைச் சிலிண்டரின் வாயிலும், றெகுலேற்றரிலும், குழாயின் இரு முனைகளிலும், குழாய் நெடுகிலும் தூரிகையாற் பூசுக. எங்கேனும் குமிழிகள் வீங்கி வளருமாயின் அங்கே கசிவுண்டு. இரண்டு நிமிட வேலை இது, செலவோ ஒன்றுமில்லை. தீக்குச்சியாற் கசிவு தேடுபவருக்கு, கண்டுபிடித்ததைப் பிறருக்குச் சொல்ல வாய்ப்புக் கிடையாமலும் போகலாம்.

நாற்றம் எழுந்துவிட்டதெனின், செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம். எரியும் தீ யாவற்றையும் அணைத்து, றெகுலேற்றரை மூடுக. மின்விளக்கின் ஆளியைப் போடவும் வேண்டாம், எரிவதை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழும். மின்விசிறியாற் காற்றை விரட்ட முயலலாகாது. கைத்தொலைபேசியை வீட்டுக்கு வெளியே சென்றபின்னரே எடுக்க வேண்டும். கதவு சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளையும் முதியோரையும் வெளியே அழைத்துச் செல்க. வாயு தரையிற் கிடக்கும் என்பதை நினைந்து, தரைவரை திறக்கும் கதவுகளை முதலிற் திறக்க வேண்டும். நாற்றம் முற்றாக நீங்கிய பின்னரும், கசிந்த இடத்தைக் கண்டு திருத்துவிக்கும்வரை அடுப்பை ஏற்றலாகாது. தீப்பற்றி, றெகுலேற்றரை அணுகுவது அபாயமாயின், வீட்டை விட்டு வெளியேறி 110 என்னும் இலக்கத்தில் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். உடலிற் சுட்டால், சுட்ட இடத்தை இருபது நிமிடம் ஓடுகின்ற குளிர்நீரிற் பிடித்திருந்து, பின் வைத்தியரிடம் செல்க. பற்பசை, வெண்ணெய் முதலியவற்றைப் பூசுதல் கெடுதியே செய்யும்.

நிறைவாக ஒன்று. நம் வீடுகள் பலவற்றில் அடுப்பைப் பற்றிய அறிவு தாயாரோடு நின்றுவிடுகின்றது. றெகுலேற்றர் எப்பக்கம் திரும்பினால் மூடும் என்பது தந்தைக்குத் தெரியாது. பிள்ளைகளை அண்ட விடுவதில்லை. தாயார் கடைக்குச் சென்ற வேளையில் நாற்றமெழுந்தால் யார் மூடுவார்? ஆகவே இன்று ஞாயிற்றுக்கிழமை, மதியச் சமையல் முடிந்து அடுப்பு ஆறியபின், வீட்டிலுள்ள அனைவரையும் குசினிக்கு அழையுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் வரட்டும். ஒவ்வொருவரும் ஒருமுறை தம் கையால் றெகுலேற்றரை மூடிப் பழகட்டும். ஒருவர் நுரையைப் பூச, மற்றவர் குமிழி எழுகின்றதா என்று பார்க்கட்டும். இரவிற் கடைசியாகக் குசினியை விட்டு வெளியேறுபவர் எவராயினும் சிலிண்டரிலேயே வாயுவை மூடுவது அவ்வீட்டின் வழக்கமாகட்டும். கால்மணி நேரத்தில் முடியும் இவ்வேலையை இவ்வாரமே செய்துவிடுங்கள்.

அடுத்த வாரம் மின்சார அழுத்திப் பெட்டியையும் அதன் வயரையும் கவனிப்போம்.